ஒசாகாவில் ஒரு சனி, ஞாயிறு: காலையில் சந்தை, பதினொன்றுக்கு மேல் துணி

ஜப்பானில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது நிறைய. பிள்ளைகளுக்கு வாரநாளில் ஆபீஸ். நம்மோடு சுற்றுவதற்கு அவர்களுக்குக் கிடைப்பது சனியும் ஞாயிறும்தான். அந்த இரண்டு நாளையும் கோட்டைக்கும் கண்ணாடிக் கோபுரத்துக்கும் கொடுத்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கு" என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லாமல் திரும்புகிறார்கள். எனக்குக் கண்டாங்கிச் சேலை வியாபாரம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் என்ன தின்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மகள் ஒசாகாவில் இருக்கிறாள். அவளை இழுத்துக்கொண்டு சுற்றியதில் எனக்குப் பிடிபட்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. ஒசாகாவில் மீனும் காய்கறியும் விற்கிற மொத்தச் சந்தைகள் அதிகாலையிலேயே விறுவிறுப்பாகி மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். துணிக்கடைகள் பெரும்பாலும் பதினொன்றுக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குவதில்லை. வயசுப் பிள்ளைகள் போகிற பழைய துணிக்கடைகள் பன்னிரண்டு, ஒன்று என்று அவரவர் சௌகரியத்துக்குத் திறக்கும். நாம் ஊரில் காலைப் பலகாரம் முடித்ததும் துணிக்கடைக்குக் கிளம்புகிற பழக்கத்தில் அங்கே போனால் மூடிய கதவைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே காலையில் வயிறு, மதியத்துக்கு மேல் துணி. இரண்டு நாளுக்கும் ஏறத்தாழ இதே வரிசைதான்.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சென்னையைவிடத் திருச்சி பக்கம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஒசாகா. விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். கன்சாய் விமான நிலையம் கடலை மேடாக்கிக் கட்டியது, 1994-ல் திறந்தார்கள். கீழிறங்கியதும் நன்கை ரயில் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் நம்பா என்கிற இடத்துக்கு வந்துவிடலாம், கட்டணம் ஆயிரம் யென்னுக்குள். நூறு யென் என்பது ஐம்பத்தைந்து, அறுபது ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வீடு புறநகரில் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவு நம்பாவிலேயே ஒரு சின்ன ஓட்டலில் தங்குவது நல்லது. காலையில் ரயிலுக்கு ஓட வேண்டாம். இக்கோகா என்கிற அட்டையில் பணம் போட்டுக்கொண்டால் ரயில், பஸ் இரண்டுக்கும் ஆகும். மாதம் என்றால் ஏப்ரல், இல்லாவிட்டால் அக்டோபர், நவம்பர். ஆகஸ்ட் மாத வெயிலும் புழுக்கமும் நம் சித்திரைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

இன்னும் இரண்டு சங்கதி. எஸ்கலேட்டரில் ஒசாகாக்காரர்கள் வலது பக்கம் ஒதுங்கி நிற்பார்கள், டோக்கியோவில் இடது பக்கம். அப்புறம், வீட்டிலிருந்து மஞ்சப்பை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள். 2020 ஜூலையிலிருந்து அங்கே கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு. தெருவில் குப்பைத்தொட்டியும் கிடையாது. தின்ற குச்சியும் காகிதமும் நம் பைக்குள்தான் கிடக்க வேண்டும். அதற்கு ஒரு பை தனியாக.

சனிக்கிழமை காலை

எல்லாரும் குரோமோன் சந்தைக்குப் போகச் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. ஏறத்தாழ 580 மீட்டர் நீளத்துக்கு மேலே கூரை போட்ட தெரு, நூற்றைம்பது கடை போல இருக்கும். 'ஒசாகாவின் சமையலறை' என்று பேர். ஆனால் நான் முதலில் கூட்டிப் போவது கிசு மொத்தச் சந்தைக்கு. நம்பாவிலிருந்து செந்நிற மிதோசுஜி ரயிலில் ஒரே நிறுத்தம், தைக்கோகுச்சோவில் இறங்கி நடக்கலாம். ஓட்டல்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் சரக்கு எடுக்கிற இடம் இது. நமக்கும் சில்லறையாகக் கொடுப்பார்கள். ஏழு மணிக்குப் போய்விடுங்கள். தக்காளி, முள்ளங்கி, உயிரோடு துள்ளும் மீன், மரப்பெட்டியில் அடுக்கிய கடல் முள்ளெலி எல்லாம் இருக்கும். கூவல் கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது. ஆனாலும் சந்தைக்கு உரிய அவசரம் காற்றிலேயே தெரியும். சந்தைக்குள்ளேயே இருக்கிற சாப்பாட்டுக் கடைகளில் சரக்கு இறக்கின ஆட்களோடு உட்கார்ந்து மீன் சோறு சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே நம்பிப் போகாதீர்கள், சனிதான் சரி.

கிசுவில் விலையைப் பார்த்துவிட்டுக் குரோமோனுக்கு நடந்து போனால், கண் தானாகத் திறக்கும். அங்கே பாதிக் கடை இப்போது வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடக்கிறது. நண்டுக் கால் ஒன்று, சூரை மீன் தட்டு ஒன்று என்று வாங்கினால் ஆயிரக்கணக்கில் யென் போய்விடும். அங்கே நான் வாங்கித் தின்பதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம். ஊர்க் கிழவிகள் எந்தக் கடை வாசலில் நிற்கிறார்களோ அந்தக் கடையில் மட்டும் கை வைக்கலாம்: ஊறுகாய்க் கடை, தோஃபு என்கிற சோயாக் கட்டி விற்கிற கடை, பழக்கடை. எட்டு மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும், ஒன்பதரைக்கு மேல் கூட்டம் சேரும், பதினொன்றுக்கு நகர முடியாது. ஒன்பதரைக்குப் போய்ப் பத்தரைக்கு வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே நடந்துகொண்டே தின்னக் கூடாது. மகள் முதல் கடையிலேயே, "ஆத்தா, கடை வாசல்லயே நின்னு சாப்பிட்டு, குச்சிய அவுகட்டயே குடுத்துருங்க" என்றாள். நின்று தின்பதில் இன்னொரு லாபமும் உண்டு: கடைக்காரர் சரக்கை எப்படி எடுக்கிறார், எப்படி அறுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். காசை அவர் கையில் நீட்ட வேண்டாம், முன்னால் ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதில் வைத்தால் போதும். பேரம் பேச வேண்டாம், டிப்ஸும் வேண்டாம்.

மாட்டிறைச்சி தொடாதவர்கள் கவனமாக இருங்கள். குச்சியில் குத்திச் சுடுவது பெரும்பாலும் மாடு. கடைகளில் விற்கும் உருளைக்கிழங்குப் பொரிப்பு மாதிரியானவற்றுக்குள்ளும் கொத்தின மாட்டிறைச்சி இருக்கும். ஒகோனோமியாகி என்கிற முட்டைக்கோஸ் தோசைக்கு மேலே, எதுவும் சொல்லாவிட்டால், பன்றித் துண்டம் போட்டுத்தான் வரும். இறால் போட்டது கேட்டால் தருவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மேலே ஊற்றுகிற தித்திப்புச் சாற்றை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

சைவக்காரர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம். எங்களோடு வந்த சம்பந்தி ஆச்சி முட்டைகூடத் தொட மாட்டார்கள். ஜப்பானில் இறைச்சி இல்லாத பண்டத்திலும் தாஷி என்கிற சாறு இருக்கும். அது பெரும்பாலும் கட்சுவோ என்கிற மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவினது. உதோன் என்கிற கோதுமை நூடுல்ஸ் குழம்பு, முள்ளங்கி அவியல், தோஃபு எல்லாவற்றிலும் அது ஒளிந்துகொண்டிருக்கும். இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் பிள்ளைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட அது பத்து மடங்கு வேலை செய்யும். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழம், உப்பு மட்டும் போட்டுப் பிடித்த சோற்றுருண்டை, இவை பயமில்லாதவை. பையில் ஒரு டப்பா பருப்புப் பொடி இருந்தால் ஆச்சிக்கு மதியச் சாப்பாடு முடிந்த மாதிரிதான்.

ஆனால் ஒசாகாவில் சைவத்துக்கும் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். கொம்பு என்கிற கடற்பாசி. அது விளைவது வடக்கே ஹொக்காய்தோவில், குளிர்ந்த கடலில். கப்பல் காலத்தில் மேற்குக் கடற்கரை வழியாகக் கித்தமாயே கப்பல்கள் அதை மூட்டை மூட்டையாக ஒசாகாவுக்குக் கொண்டுவந்து இறக்கின. விளையாத ஊரில் வியாபாரம் பெருத்து, அதைச் சீவுவதும் வேகவைப்பதும் தரம் பிரிப்பதும் ஒசாகாவின் தொழிலாயிற்று. அரிசி விளையாத மண்ணிலிருந்து கிளம்பி பர்மா அரிசியில் பணம் போட்டவர்கள் நாம், இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. குரோமோனிலும் ஞாயிற்றுக்கிழமை போகிற தெஞ்ஜின்பாஷியிலும் கொம்புக்கென்றே கடைகள் உண்டு. கறுத்த பலகை போல அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை இல்லை, அதன் ருசியே அதில்தான் இருக்கிறது, கழுவிவிடாதீர்கள். துண்டைத் தண்ணீரில் ராத்திரி போட்டு வைத்து, காலையில் மெல்லச் சூடாக்கி, கொதிப்பதற்கு முன் துண்டை எடுத்துவிட்டால் சைவச் சாறு தயார். கொதிக்கவிட்டால் வழுவழுப்பும் கசப்பும் வந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் சமையலறையில் ஆச்சி இதில் உதோன் போட்டு, நம் மிளகைத் தட்டிப் போட்டுச் சாப்பிட்டதற்குப் பிறகு வேறு எதையும் கேட்கவில்லை.

பாத்திரத் தெரு

குரோமோனிலிருந்து ஐந்தாறு நிமிஷ நடையில் தோகுயாசுஜி. நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள சின்னத் தெரு, முழுக்க ஓட்டல்களுக்கான தட்டுமுட்டுச் சாமான். நம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளையைப் பார்த்து மணிக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு இங்கே அரைநாள் போதாது. நான் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். இல்லாவிட்டால் துணிக்கு நேரம் கிடைக்காது.

வாங்க வேண்டியது தகோயாகிக் கல். தகோயாகி 1935-ல் ஒசாகாவில் ஐசுயா என்கிற கடையில் பிறந்தது. கோதுமை மாவைச் சாறில் கரைத்து, குழியில் ஊற்றி, ஆக்டோபஸ் துண்டு ஒன்று போட்டு, ஊசியால் புரட்டிப் புரட்டி உருண்டையாக்குகிறார்கள். நம் பணியாரக்கல்லுக்கு அண்ணன் தம்பி முறை. அவர்கள் குழிகள் நெருக்கமாக இருக்கும், மாவை மேலே வழியவிட்டு, வழிந்ததையும் உள்ளே மடித்துத் திருப்புவார்கள். அந்தக் கைவேகத்தைப் பார்க்கவே ஒரு கடை முன்னால் நிற்கலாம். எட்டு உருண்டைக்கு ஐந்நூறிலிருந்து எண்ணூறு யென் வரை. உள்ளே கூழாகவும் கொதியாகவும் இருக்கும், எடுத்ததும் வாயில் போட்டு மேல் வாயைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

கல் வாங்கும்போது வார்ப்பிரும்பில், கேஸ் அடுப்புக்கு என்று கேட்டு வாங்குங்கள். கரண்டில் ஓடுவது அழகாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் ஜப்பானில் 100 வோல்ட். ஊரில் வந்து சொருகினால் அன்றோடு சரி. வார்ப்பிரும்பு கனமானது, பெட்டி எடையில் அதற்கு இடம் விட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு இது வராது, எண்ணெயில் ஊற்றி எடுப்பதல்லவா. குழிப்பணியாரத்துக்கு அருமையாக வருகிறது, கொஞ்சம் சின்னச் சின்னதாக.

கத்தியும் இங்கே கிடைக்கும். ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் சகாய் ஊர் பழைய கத்திப் பட்டறை ஊர், ஜப்பானியச் சமையல்காரர்கள் பலர் கையில் இருப்பது அங்கே அடித்ததுதான். ஒரு பக்கம் மட்டும் தீட்டின கத்தி மீன் சீவுவதற்கு; நமக்கு அது பழகாது. காய் நறுக்க இரு பக்கமும் தீட்டினதைக் கேளுங்கள். கையில் எடுத்துப் போகிற பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். கடை வாசல்களில் தொங்கும் மெழுகு இட்லி மாதிரியான பொம்மைச் சாப்பாட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அது தனித் தொழில். 1932-ல் ஒசாகாவில்தான் அதை வியாபாரமாகத் தொடங்கினார்கள். சாவி வளையத்தில் மாட்டுகிற சின்ன இறால் பொரியல் பேரப்பிள்ளைகளுக்கு நல்ல சாமான்.

சனி மதியம்: துணி

நிப்போன்பாஷி நிலையத்தில் சகாய்சுஜி ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சகாய்சுஜி ஹொன்மாச்சி. வெளியே வந்தால் தலைக்கு மேல் நெடுஞ்சாலைப் பாலம், அதன் வயிற்றுக்குள் செம்பா சென்டர் பில்டிங். 1970-ல் கட்டியது, ஒரு கிலோமீட்டர் நீளம், ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட பத்துக் கட்டடம். வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வருவதில்லை. எனக்கு ஒசாகாவில் பிடித்த இடம் இதுதான். செம்பா என்பது பரம்பரையாகத் துணி வியாபாரிகள் இருந்த பகுதி. உள்ளே துணி சுருள் சுருளாக, பட்டன், நூல், பை, திரைச்சீலை, ஆச்சிமார் போடுகிற பூப்போட்ட சட்டை எல்லாம் மொத்த விலைக் கடைகளில். சில கடைகளில் வியாபாரிகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், வாசலிலேயே எழுதியிருக்கும். மற்றக் கடைகளில் ஒரு மீட்டரும் வெட்டித் தருவார்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு, அதனால்தான் சனி மதியம் வைத்திருக்கிறேன். இரட்டை அடுக்காக நெய்த மெல்லிய பருத்தித் துணியைக் கேட்டுத் தொட்டுப் பாருங்கள். குழந்தைத் துணிக்கு அதற்கு மேல் கிடையாது.

உங்கள் பர்ஸில் 2024-ல் வந்த புதிய பத்தாயிரம் யென் நோட்டு இருந்தால் அதை எடுத்து ஒரு தடவை பாருங்கள். அதில் இருக்கும் ஷிபுசாவா எய்இச்சி முன்னின்று தொடங்கியதுதான் 1883-ல் ஓட ஆரம்பித்த ஒசாகா நூற்பாலை, 10,500 நூற்புக் கதிரோடு. அது ஜெயித்த பிறகு ஊரே நூற்பாலையாகி, 'கிழக்கின் மான்செஸ்டர்' என்று பேர் வாங்கியது. பஞ்சு எங்கிருந்து வந்தது? பாதிக்குப் பாதி நம் நாட்டிலிருந்து. பஞ்சு ஏற்றுவதற்கென்றே 1893-ல் ஜப்பான் கப்பல் கம்பெனி ஒன்று டாட்டாவோடு சேர்ந்து பம்பாய்க்குக் கப்பல் விட்டது. அதற்கும் முன்னால், டச்சுக்காரர்கள் காலத்தில், நம் சோழமண்டலக் கரையில் நெய்த கோடு போட்ட பருத்தித் துணி ஜப்பானுக்குப் போய், அங்கே வசதியுள்ளவர்கள் அதை ஆசையாகக் கட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த சரக்கும் உண்டு. நம் வீடுகளில் வளவுச் சுவரில் பதித்த பூப்போட்ட டைல்ஸ் பலவற்றின் முதுகில் ஜப்பான் முத்திரை இருக்கும். போக்குவரத்து பழசு.

அங்கிருந்து தெற்கே நடந்தால் ஷின்சாய்பாஷி கடைத்தெரு. கூரை போட்ட தெரு, மழை வந்தாலும் கவலையில்லை. உலகம் பூராவும் இருக்கிற அதே கடைகள்தான் நிறைய, வேகமாகக் கடந்துவிடலாம். தைமாரு கடையை மட்டும் நின்று பாருங்கள். 1717-ல் கியோத்தோ பக்கம் கிமோனோ என்கிற அவர்கள் பாரம்பரிய உடைக்கான கடையாக ஆரம்பித்து, 1726-லேயே இந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். இந்த நாட்டின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் பலவற்றுக்கு மூலம் துணிக்கடைதான். தகாஷிமாயா 1831-ல் பழைய துணியும் பருத்தியும் விற்ற கடை.

நாலு மணிக்கு மேல் மிதோசுஜி சாலையைத் தாண்டி மேற்கே போங்கள். அதுதான் அமெரிக்காமுரா. எழுபதுகளில் கிடங்குகளை வாடகைக்கு எடுத்து, அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து பழைய ஜீன்ஸும் இசைத்தட்டும் கொண்டுவந்து விற்க ஆரம்பித்த இடம். நடுவில் முக்கோணப் பூங்கா ஒன்று இருக்கிறது, பூங்கா என்று பேர்தான், எல்லாம் சிமென்ட். படியில் உட்கார்ந்துகொண்டால் போதும், துணிக்காட்சி நம் முன்னால் நடந்து போகும். அப்பச்சி வயசுக்காரர் போடுகிற தொளதொளப்புக் கால்சட்டையைப் பதினெட்டு வயசுப் பிள்ளை போட்டு, மேலே தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட கோட்டு, காலில் பளபளவென்று துடைத்த ஷூ. ஒன்றுக்கொன்று பொருந்தாத மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் நிறத்தில் ஒரு கணக்கு வைத்திருப்பது தெரியும். அரக்கு, கடுகு, கறுப்பு என்று மூன்றே நிறத்தில் கட்டம் போட்டு வாழ்கிறவள் நான், அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் சந்தோஷமாக நிற்பார்கள், கேட்காமல் எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை.

பழைய துணிக்கடைகளில் நுழைந்தால் சரக்கு நாற்றமில்லாமல், துவைத்து, பட்டன் தைத்து, கிழிசல் எங்கே என்று சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். ஜப்பான் அளவில் 'எல்' என்பது நமக்கு 'எம்' கூட இல்லை, சீட்டை நம்பாமல் தோளில் வைத்துப் பாருங்கள். போட்டுப் பார்க்கிற அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பெண்களுக்கு முகத்தில் போட ஒரு மெல்லிய துணி கொடுப்பார்கள், பொட்டும் மையும் சட்டையில் ஒட்டாமல் இருக்க. வாரில்லாத செருப்போ எளிதாகக் கழற்றுகிற ஷூவோ போட்டுப் போங்கள், ஒரு நாளைக்கு இருபது தடவை கழற்ற வேண்டியிருக்கும்.

புது ஜீன்ஸ் பைத்தியம் பிடித்த மாப்பிள்ளை, மகன் யாராவது கூட இருந்தால், ஒசாகாவின் சொந்த ஜீன்ஸ் கடைகளைக் காட்டுங்கள். ஸ்டுடியோ டார்டிசான் 1979, எவிசு 1991 எல்லாம் இந்த ஊரில் பிறந்தவை. பழைய நாடாத் தறியில் குறுகிய அகலத்தில் நெய்த துணி. காலை மடித்தால் உள்ளே தெரியும் சிவப்புக் கரைதான் அதற்கு அடையாளம். விலை இருபதாயிரம் யென்னுக்குக் குறையாது. கைத்தறிச் சேலைக்கு ஆயிரத்து ஐந்நூறு சொன்னால் முகம் சுளிக்கிற அதே மாப்பிள்ளை அதை வாங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு: ஊதா நிற ரயில்

ஞாயிறு முழுவதும் தனிமாச்சி என்கிற ஊதா ரயில் ஒன்றே போதும்.

பயணத் தேதியை முடிவு செய்கிறவர்கள் 21 அல்லது 22 ஞாயிறாக வருகிற மாதமா என்று பாருங்கள். மாதம்தோறும் அந்த இரண்டு தேதியிலும் ஷிதென்னோஜி கோயில் வளாகத்தில் சந்தை கூடும். 593-ல் கட்டத் தொடங்கிய கோயில் அது. மரத்தடியில் விரித்த தார்ப்பாயில் பழைய கிமோனோ மலைபோலக் குவிந்து கிடக்கும். ஒன்பது மணிக்குப் போங்கள், மூன்றரைக்கு மேல் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சில நூறு யென்னிலிருந்து விலை. புதிதாக வாங்கினால் லட்சக் கணக்கில் யென் ஆகும் பட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். அந்த நாட்டில் கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பாட்டி பெட்டியில் இருந்ததெல்லாம் சந்தைக்கு வந்துவிடுகிறது.

குவியலில் கை விடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிமோனோத் துணி முப்பத்தாறு, முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலம்தான், நீளம் பன்னிரண்டு மீட்டர் போல. நேர் நேராக வெட்டி, எதையும் வீணாக்காமல் தைத்திருப்பார்கள். தையலைப் பிரித்தால் மறுபடியும் துணியாகிவிடும். அதனால் உங்களுக்கு அளவு சேருமா என்பதைவிடத் துணி நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஊடை இற்றிருந்தால் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரியும், கீழே வைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையை உள்பக்கம் திருப்பி மஞ்சள் கறை பாருங்கள். மோந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம், அங்கேயும் எல்லாரும் மோந்துதான் பார்க்கிறார்கள். பூச்சி உருண்டை வாசனை எளிதில் போகாது.

கண்ணைப் பறிக்கிற பெரிய பெரிய பூவும் அம்பும் போட்டு, ஓரம் மங்கினாற்போல் இருந்தால் அது மெய்சென். நூலுக்கு முதலிலேயே சாயம் போட்டு நெய்தது. 1910-களிலிருந்து முப்பதுகள் வரை வேலைக்குப் போன பெண்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஆசைப்பட்டுக் கட்டினது. எனக்கு அதைவிட ஆசை ஹாவோரி மேல். அது முழுக் கிமோனோ இல்லை, மேலே போடுகிற குட்டைக் கோட்டு. சேலைக்கு மேலும் சுடிதாருக்கு மேலும் போடலாம், குளிருக்கும் ஆகும். ஆண்கள் ஹாவோரி கிடைத்தால் உள்ளே திருப்பிப் பாருங்கள். வெளியே கறுப்பு, உள்பக்க லைனிங்கில் மலை, கழுகு, கப்பல் என்று ஓவியம் இருக்கும். பகட்டாக உடுத்தக் கூடாது என்று அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டுக்கு வியாபாரிகள் கண்டுபிடித்த வழி அது. ஒபி என்கிற இடுப்புப் பட்டை நாலு மீட்டர் நீளம் இருக்கும். அதை வாங்கி ஊஞ்சல் பலகைக்கு மேலோ சாப்பாட்டு மேசைக்கு நடுவிலோ விரிக்கலாம். போட்டுப் பார்க்கும்போது இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே போட்டால் பக்கத்தில் நிற்கிறவர் ஓடி வந்து மாற்றிவிடுவார், அது இறந்தவர்களுக்குப் போடுகிற முறை.

மற்ற இடங்களில் பேரம் கூடாது என்றேனே, இங்கே கொஞ்சம் கேட்கலாம். இரண்டு மூன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு "மகெத்தே" என்றால் இருநூறு முந்நூறு குறைப்பார்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். கொடுத்ததும் "ஓகினி" என்று ஒசாகா வழக்கில் நன்றி சொல்லுங்கள். நோட்டை விடச் சில்லறை உதவும், அட்டை எல்லாம் எடுபடாது.

தேதி சேராவிட்டால் நேரே மினாமி மொரிமாச்சியில் இறங்கி, தெஞ்ஜின்பாஷிசுஜி கடைத்தெருவில் வடக்கு நோக்கி நடங்கள். 2.6 கிலோமீட்டர், அறுநூறு கடை, தலைக்கு மேல் கூரை. ஊர்க்காரர்கள் மாசச் சாமான் வாங்குகிற தெரு. தேயிலை வறுக்கும் வாசனை வந்தால் கடைக்குள் நுழைந்து ஹோஜிச்சா வாங்குங்கள், கசக்காது. சிவப்பு இஞ்சி ஊறுகாயை மாவில் தோய்த்துப் பொரித்தது இந்தப் பக்கத்துக்கே உரிய பலகாரம். முட்டை பரவாயில்லை என்பவர்கள் அவசியம் தின்ன வேண்டும், நம் நாக்குக்கு ஏற்ற உறைப்பு அந்த ஊரில் அது ஒன்றில்தான் எனக்குக் கிடைத்தது.

இந்தத் தெருவில்தான் ஒசாகாவின் உண்மையான தெரு ஃபேஷன் இருக்கிறது என்பேன். அமெரிக்காமுராப் பிள்ளைகளைப் பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். ஒசாகா ஆச்சிமாரை யாரும் கண்டுகொள்வதில்லை. அறுபது, எழுபது வயசு. சிறுத்தைப் புள்ளிச் சட்டை, சில பேருக்கு நெஞ்சு நிறையப் புலி முகமே, அதில் கண்ணுக்குக் கல் வேறு பதித்திருக்கும். தலைமுடி ஊதாவாகவோ ஆரஞ்சாகவோ. சைக்கிளில் குடை மாட்டிக்கொண்டு வருவார்கள். டோக்கியோக்காரர்கள் இதைக் கிண்டல் செய்வார்களாம். செய்யட்டும். அந்தச் சட்டை தொங்குகிற கடைகளில் இரண்டாயிரம் யென்னுக்குள் கிடைக்கும், நான் தங்கச்சிக்கு ஒன்று வாங்கினேன், அவள் இன்னும் வெளியே போட்டுப் போகவில்லை. நீங்கள் சேலை கட்டிப் போனால் அவர்களே வந்து முந்தானையைத் தொட்டுப் பார்ப்பார்கள், எத்தனை மீட்டர் என்று கையால் கேட்பார்கள், பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பார்கள். கைப்பையில் மிட்டாய் வைத்திருப்பது அவர்கள் வழக்கம். பதிலுக்குக் கொடுக்க நம்மிடம் கடலை மிட்டாய் இருந்தால் பேச்சு நீளும், பாஷை தெரியாமலே.

தெருவின் வடகோடியில் மறுபடியும் ஊதா ரயில், ஒரே நிறுத்தம் நகாசாகிச்சோ. போர்க்காலக் குண்டுக்குத் தப்பிய மரவீடுகள் சந்து சந்தாக நிற்கின்றன, அவற்றுக்குள் பழந்துணிக் கடையும் காபிக் கடையும். விலை அமெரிக்காமுராவைவிடக் கொஞ்சம் கூடுதல், பொறுக்கி வைத்த சரக்கு. மூன்று மணிக்குப் போனால் சரியாக இருக்கும். அங்கே வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போட்டுப் பேச வேண்டாம்.

பாஸ்போர்ட்டை இரண்டு நாளும் கையிலேயே வைத்திருங்கள். ஒரே கடையில் வரி இல்லாமல் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் பத்து சதவீத வரியைத் தள்ளிக் கொடுக்கிற கடைகள் உண்டு. 2026 நவம்பர் முதல் தேதியிலிருந்து முறை மாறுகிறது: வரியோடு வாங்கிவிட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெற வேண்டும். வாங்கின சாமானைக் காட்டச் சொல்வார்கள் என்பதால் பெட்டிக்கு அடியில் புதைத்து வைக்காதீர்கள்.

நகாசாகிச்சோவிலிருந்து உமேதாவுக்குப் பத்து நிமிஷ நடை. ஹன்கியூ, ஹன்ஷின் என்று இரண்டு பெரிய கடைகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன, இரண்டிலும் அடித்தளம் முழுக்கச் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள், வாங்காதீர்கள். மூடுகிற நேரம் நெருங்க நெருங்க ஊழியர்கள் கையில் ஸ்டிக்கர் சுருளோடு வருவார்கள், முதலில் இருபது சதவீதம், அப்புறம் முப்பது, கடைசியில் பாதி விலை. அந்தப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் பின்னால் ஊர்ப் பெண்கள் அமைதியாக வரிசையில் நடப்பார்கள். நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். முதலில் தீர்ந்துபோவது மீன் சோற்றுப் பெட்டி, அதனால் அந்தப் பக்கமே நில்லுங்கள்.